விட்ட நடை, தொட்ட நடை

2023-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி. ஆற்றுகால் பொங்காலை நாள். வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று செங்கல்லைக் கூட்டி, புதுப் பானையை ஏற்றி, அடுப்பெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கோயிலில் பண்டார அடுப்பில் தீ மூட்டியாயிற்று என்ற செய்தி ஒலிபெருக்கியில் வந்ததும் எங்கள் தெருவிலும் வரிசையாக அடுப்புகள் எரியத் தொடங்கின. பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்து பொங்கி வந்தபோது எல்லாப் பெண்களும் குரவையிட்டார்கள். எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

முழங்கால் இரண்டும் என் சொல் கேட்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். அப்போதும் முடியவில்லை. பக்கத்து அடுப்பிலிருந்த பெண், கல்லூரியில் படிக்கிறவள், "பிடிச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். எதிர் வீட்டு மாமி என்னை விடப் பத்து வயது மூத்தவர். அவர் தாமாகவே எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அப்போது எனக்கு வயது 61. மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை தினமும் நடந்தவள் நான் என்று சொன்னால் அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டாள்.

விட்டது எப்படி?

1984-இல் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வந்தேன். பிறந்த ஊரில் 'உடற்பயிற்சி' என்ற வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் விடிந்ததும் தாமிரபரணிக்குப் போய்க் குளித்து, ஈரத் துணியைச் சுமந்து வீடு திரும்புவது தினசரி வழக்கம். கோயிலுக்கும் கடைக்கும் நடைதான். ஊர் விட்டு வந்த பிறகு அந்த நடையெல்லாம் தானாகக் கழன்று போயிற்று. குழாயில் தண்ணீர், வாசலில் ஆட்டோ. ஊர் மாறும் குடும்பங்கள் கூட எடுத்து வர மறந்துவிடும் சாமான்களில் இந்த நடையும் ஒன்று என்று பின்னால்தான் புரிந்தது.

ஐம்பது வயதில், இரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்தேன். காலை ஐந்தரை மணிக்கு நானும் தெருவில் மூன்று பேரும் கிளம்புவோம். கிள்ளிப்பாலம் வழியாகக் கிழக்கேகோட்டை, பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள், பிறகு சாலைக் கடைத்தெரு வழியாக வீடு. மொத்தம் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மியூசியம் வளாகத்துக்குப் போவதுண்டு. 1880-இல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி, பெரிய மரங்களின் நிழலில் ஊரே நடக்கும். எட்டு ஆண்டுகள் இப்படி ஓடின.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூலையில் எங்கள் நகரத்துக்கு மும்மடங்கு ஊரடங்கு. நடை நின்றது. இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஊரடங்கு முடிந்த பிறகும் நான் போகவில்லை. அங்கேதான் என் தப்பு தொடங்குகிறது. முதலில் மாமியாரின் உடம்பைச் சொன்னேன். அவர் காலமான பிறகு மழையைச் சொன்னேன், தெரு நாய்களைச் சொன்னேன். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாதபோது, "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்றேன். உண்மைக் காரணம் வேறு. மற்ற மூவரும் 2021 கடைசியிலேயே மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எடை கூடி, மூச்சு வாங்கி, அவர்களுக்குப் பின்னால் போய்ச் சேர எனக்குக் கூச்சமாக இருந்தது.

பொங்காலையும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. 2021-லும் 2022-லும் நோய்ப் பரவல் காரணமாக அவரவர் வீட்டிலேயே பொங்காலை இட்டோம். நான் சமையலறை மேடையில் காஸ் அடுப்பில் நின்றபடியே இட்டு முடித்தேன். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கும் சக்தி போய்விட்டது என்பது, மூன்று ஆண்டு கழித்துத் தெருவில் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது.

முதல் முயற்சி, முதல் தோல்வி

வெட்கம் உறைத்தது. மறுவாரமே பழைய செருப்பைத் தேடி எடுத்து, பழைய நேரத்துக்கு, பழைய பாதையில் கிளம்பினேன். அதே ஒரு மணி நேரம், அதே வேகம். முதல் நாள் முடித்து விட்டேன். பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் குதிகால் வலித்தது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக் கொண்டு போனேன். நான்காம் நாள் காலை வலது முழங்கால் பலாக்கொட்டை வேகவைத்தது போல் வீங்கியிருந்தது. பத்து நாள் கட்டிலில். "நமக்கு வயசாயிடுத்து, அவ்வளவுதான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன்.

அவர் சமாதானம் சொல்லாமல் ஆட்டோ கூப்பிட்டார். டாக்டர் எலும்பில் பழுதில்லை என்று சொல்லி, பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். நாகர்கோவில்காரப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அம்மா, நீங்க மூணு வருஷத்துக்கு முன்னால இருந்த ஆளோட நடையை, இப்ப இருக்கற ஆளோட காலை வச்சு நடந்திருக்கீங்க."

உடம்பு எதை மறக்கிறது?

அவள் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பயிற்சியை நிறுத்தினால் உடம்பு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் இழப்பதில்லை. முதலில் குறைவது மூச்சுத் தெம்பு. நிறுத்திய இரண்டு வாரத்துக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவும் குறைகிறது. தசையின் பலம் இன்னும் சில வாரம் தாக்குப் பிடிக்கும். பிறகு அதுவும் இளைக்கும்.

திரும்பத் தொடங்கும்போதும் இதே போல் ஏற்றத் தாழ்வுதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடுகிறது. தசையை எலும்போடு கட்டும் நாண்களும் மூட்டுகளும் மெதுவாகத்தான் பழகுகின்றன. மூச்சு வாங்கவில்லையே என்று நாம் தைரியமாக நடையைக் கூட்டுகிறோம். குதிகாலும் முழங்காலும் அதற்கு இன்னும் தயாராகவில்லை. என் முழங்கால் வீங்கிய கதை இதுதான்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பயிற்சியால் வளரும் தசை நாருக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. பயிற்சியை விட்டுத் தசை இளைத்த பிறகும் அந்த உட்கருக்கள் நெடுநாள் தங்கியிருந்ததை நார்வே நாட்டு ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டு 2010-இல் வெளியிட்டார்கள். மனிதர்களிடமும் இப்படியே நடக்கிறதா என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனால் முன்பு பயிற்சி செய்தவர்கள் திரும்ப வரும்போது புதியவர்களை விடச் சீக்கிரம் தேறுவதைப் பயிற்சி தருகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

டல்லாஸ் நகரத்து ஐவர்

என் மனத்தை மாற்றியது இன்னொரு ஆய்வு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் படுக்க வைத்தார்கள். அவர்கள் உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. பிறகு பயிற்சி கொடுத்துத் தேற்றினார்கள்.

முப்பது ஆண்டு கழித்து, 1996-இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது, தொப்பையும் இருந்தது. முப்பது வருட முதுமை செய்த சேதத்தை விட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது! பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று சிறுகச் சிறுகக் கூட்டிப் பயிற்சி தந்தார்கள். வயதால் அவர்கள் இழந்திருந்த திறன் முழுவதும் திரும்பி வந்தது. இருபது வயதில் பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சத்தை மட்டும் யாரும் மறுபடி எட்டவில்லை.

"வயசாயிடுத்து" என்று நான் அழுதேனே, அதில் வயதின் பங்கு எவ்வளவு, சும்மா உட்கார்ந்ததின் பங்கு எவ்வளவு என்று அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அழுகை நின்றது.

பத்தே நிமிடம்

அந்தப் பெண் எனக்குக் கொடுத்த திட்டம் மிகச் சிறியது. பத்து நிமிட நடை, வாரத்தில் ஐந்து நாள். இரண்டு வாரம் சௌகரியமாக நடந்தால் ஐந்து நிமிடம் கூட்டலாம். வலி வந்தால் கூட்டக் கூடாது, பழைய அளவுக்கே இறங்க வேண்டும். வேகத்துக்கு ஒரு சுலபமான அளவுகோல்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

"பத்து நிமிஷம் ஒரு நடையா?" என்று கேட்டேன். பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட புதிய நெறிமுறையில் எடுத்துவிட்டது என்றாள். எவ்வளவு சிறியதானாலும் அசைவு அசைவுதான். போகப் போக வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும், 65 வயது தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்க்க வேண்டும் என்பது அந்த நெறிமுறை. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாளே அங்கே நிற்க வேண்டியதில்லை.

என் மகள் வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் தினமும் பத்தாயிரம் அடி கேட்டு நச்சரிக்கும். அந்தப் பத்தாயிரமும் வைத்தியர்கள் கணக்கிட்டுச் சொன்ன எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்து, 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தது. அங்கிருந்து பிடித்த எண்தான் உலகம் முழுதும் பரவியது. கடிகாரத்தைக் கழற்றி மேஜைக்குள் வைத்தேன்.

ஜூன் மாதம் தொடங்கினேன். தொடங்கிய வாரமே காலவர்ஷம். முன்பென்றால் அதுவே போதும், நிறுத்திவிடுவேன். எங்கள் தெரு வீடுகள் அகலம் குறைந்து நீளமாக இருப்பவை. வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை போய் வருவதே ஒரு நடை. மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் போய் வந்தேன். பேரன் வீடியோவில் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும்.

எழுந்திருக்க வேண்டுமே, அதற்குத் தனிப் பயிற்சி. உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். ஐந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. அது சுலபமானதும் தாழ்ந்த ஸ்டூல். ஸ்டூலுக்குப் பிறகு பூஜை அறை மணை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அதன் மேல். பிறகு ஒரே மணை. நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி வர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

நவராத்திரிக்குள் நடை அரை மணியை எட்டியது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவது பழைய வழக்கம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். குமாரசுவாமி தங்குவது ஆரியசாலையில், நங்கை தங்குவது செந்திட்டையில். இரண்டும் எங்களுக்குப் பக்கம்தான். 2023 நவராத்திரியில் இரண்டு கோயிலுக்கும் நடந்தே போய், வழியில் எங்கும் உட்காராமல் திரும்பி வந்தேன். அன்று ராத்திரி முழங்கால் வலிக்கவில்லை.

சாலை என்றால் பள்ளி

எங்கள் தெருப் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் 'பெரிய ரோடு' என்று நினைத்துக் கொள்வார்கள். இங்கே சாலை என்பது ரோடு அல்ல. உணவும் உறைவிடமும் தந்து கல்வி கற்பித்த இடம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பேசும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்வார்கள். எங்கள் மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தபோது, காந்தளூர்ச் சாலையைத்தான் மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு சொல்கிறது. பக்கத்துத் தைக்காட்டில்தான் 1909-இல் சமாதியான அய்யாவு சுவாமிகள் வாழ்ந்தார். தமிழரான அவரிடம் சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் யோகம் பயின்றார்கள்.

இதையெல்லாம் ஊர்ப்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. கற்றுக் கொள்கிறவர்களின் இடத்தில் குடியிருந்து கொண்டு நான் கற்றுக் கொள்ள மறுத்ததைச் சொல்ல வருகிறேன். எனக்கு எட்டு வருட அனுபவம் இருந்தது. அதனால் முதல் பாடத்தில் போய் உட்கார மனம் ஒப்பவில்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். கிழக்கேகோட்டையில் 1956-இல் தொடங்கிய சி.வி.என். களரி எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். நகரத்தில் வேறு களரிகளும் உண்டு. இவன் அவற்றில் ஒன்றில் பழகினான். பிளஸ் டூ பரீட்சைக்காக ஒரு வருடம் விட்டு, மறுபடி போனான். வாளும் கேடயமும் எடுத்துப் பழகியவன் ஆயிற்றே, என்ன தந்தார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் தரலை ஆன்ட்டி. சின்னப் பசங்க வரிசையில நின்னு காலைத் தூக்கி வீசச் சொன்னாங்க. மூணு மாசம்" என்றான். வருத்தமாக இல்லையா என்றேன். "எதுக்கு வருத்தம்? திரும்ப வந்தா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றான்.

42 அடி நீளம், 21 அடி அகலத்தில் தரையைத் தோண்டிப் பள்ளமாக அமைப்பது களரி. எவ்வளவு பெரிய வீரனானாலும் உள்ளே வரும்போது கீழே இறங்கித்தான் வர வேண்டும். வலது காலை வைத்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, கன்னி மூலையில் ஏழு படியாக இருக்கும் பூத்தறையை வணங்கிவிட்டுத்தான் பயிற்சி. நேற்று வந்தவனுக்கும் ஒரு வருடம் கழித்து வருகிறவனுக்கும் இதே முறைதான். ஏன் வரவில்லை என்ற கூச்சத்துக்கு அங்கே இடமே வைக்கவில்லை. மறுநாள் நான் பழைய தோழிகள் மூவரிடமும் போய், "நான் பாதி தூரம்தான் வருவேன், கிள்ளிப்பாலத்தில் திரும்பிடுவேன்" என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "இத்தனை நாள் எங்கே போனே?" என்று மட்டும் ஒருத்தி கோபித்துக் கொண்டாள்.

திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு

இதைப் படிக்கும் அன்பர்கள் பலரும் என்னைப் போல் எங்கோ பிறந்து எங்கோ வாழ்கிறவர்கள். உங்களிலும் ஒரு காலத்தில் நடந்தவர்கள், பந்து ஆடியவர்கள், யோகாசனம் செய்தவர்கள் இருப்பீர்கள். விட்டுப் போனதை மறுபடி தொட நினைத்தால், அடிபட்டுக் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன்.

நெடுநாள் விட்டவர்களும், இருதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். இடுப்பில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி உடனே வைத்திய உதவி தேடுங்கள். விட்ட அளவில் தொடங்காதீர்கள். போதவில்லையே என்று தோன்றும் அளவில் தொடங்குங்கள். நடையோடு நிறுத்தாமல் உட்கார்ந்து எழுவதையும் சேருங்கள். வெயிலோ மழையோ பனியோ, உங்கள் ஊரில் எது தடுக்குமோ, அந்த நாளுக்கு வீட்டுக்குள் ஒரு மாற்று வைத்துக் கொள்ளுங்கள். முடிந்தால் துணை தேடுங்கள். தமிழ்ச் சங்கத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறவர்கள் வாரம் ஒருமுறை சேர்ந்து நடந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

2024 பிப்ரவரி 25-ஆம் தேதி மறுபடி பொங்காலை. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூருக்கு நடந்து போன கண்ணகி ஆற்றுகாலில் தங்கியதாக ஐதீகம். அந்த நாளில் வாசலில் அடுப்புக் கூட்டி உட்கார்ந்தேன். பொங்கி வந்தது. குரவை கேட்டது. பக்கத்து அடுப்புப் பெண் போன வருடத்தை மறக்கவில்லை போலும், கையைத் துடைத்துக் கொண்டு என் பக்கம் வந்தாள். "இரும்மா" என்று சொல்லி, ஒரு கையை முழங்கால் மேல் ஊன்றி எழுந்து நின்றேன். அழகாக எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நானாக எழுந்தேன்.

அதற்குப் பிறகும் நடை விடுபடாமல் இல்லை. ஒரு காய்ச்சலில் மூன்று வாரம் போயிற்று. மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு மாதம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்தில் தொடங்கிக் கிள்ளிப்பாலத்தில் திரும்பிவிடுகிறேன். இப்போது அதற்கு வெட்கப்படுவதில்லை. நாளைக் காலை ஐந்தரைக்கும் வாசலில் செருப்பு தயாராக இருக்கிறது.